கொல்கத்தா மைதானத்து நீதிபதிகள்

கொல்கத்தா மாநகரைக் காணச் செல்லும் நம்மவர்கள் பெரும்பாலும் ஹௌரா பாலத்தையும் விக்டோரியா நினைவு மண்டபத்தையும் பார்த்துவிட்டு, நகுதா பள்ளிவாசலில் இரண்டு ரக்அத் தொழுது, அதையொட்டிய ஜக்கரியா தெருவில் அத்தரும் சேமியாவும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பி விடுகிறார்கள். வாசக அன்பர்களே, உங்கள் பயணம் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் அமைந்து, ஒரு பிற்பகல் பொழுது உங்கள் கையில் மிச்சமிருக்குமானால், அந்நகரின் கால்பந்து மைதானங்களையும் ஒருமுறை கண்டு வாருங்கள். இருபத்திரண்டு பேர் ஆடிக்கொண்டிருக்க, சுற்றியிருக்கும் ஆயிரக்கணக்கானோர் ஓயாது தீர்ப்பு வழங்கிக்கொண்டிருக்கும் காட்சியை இந்தியாவில் வேறெங்கும் இத்தனை நெருக்கத்தில் காண்பது அரிது.

தர்மதலாவிலுள்ள திப்பு சுல்தான் பள்ளிவாசலில் லுஹர் தொழுகையை முடித்துக்கொண்டு புறப்படுவது வசதியானது. 1842ஆம் ஆண்டு அதனைக் கட்டி முடித்தவர் திப்புவின் இளைய மைந்தர் இளவரசர் குலாம் முஹம்மது. 1806இல் நம் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததன் பின்னர், அங்கே காவலில் வைக்கப்பட்டிருந்த திப்புவின் குடும்பத்தாரைத் தென்னாட்டில் விட்டுவைக்க அஞ்சிய ஆங்கிலேயர் அவர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டனர். வேலூரிலிருந்து வந்த குடும்பம் எழுப்பிய பள்ளி என்ற நினைவோடு அதன் படிகளை விட்டு இறங்கிச் சாலையைக் கடந்தால், சிறிது தொலைவிலேயே நகரம் முடிந்து பசும்புல் தொடங்குகிறது.

ஏறத்தாழ ஆயிரம் ஏக்கர் பரப்புள்ள அந்த வெளியைக் கொல்கத்தா மக்கள் வேறு அடைமொழி எதுவுமின்றி 'மைதான்' என்றே அழைக்கின்றனர். பதினெட்டாம் நூற்றாண்டில் புதிய வில்லியம் கோட்டையைக் கட்டிய ஆங்கிலேயர், பீரங்கி சுடுவதற்குத் தடையேதும் இருக்கலாகாது என்று காட்டை அழித்து உண்டாக்கிய திறந்தவெளி அது. இன்றும் அது இராணுவத்தின் பொறுப்பிலேயே இருக்கிறது. அதனால்தான் அங்குள்ள விளையாட்டுக் கழகங்களின் இல்லங்களுக்கு 'டென்ட்' என்று பெயர். சுவரும் கூரையும் எழுந்துவிட்ட பிறகும் பழைய கூடாரப் பெயர் மாறவில்லை. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகம்மதன் ஸ்போர்ட்டிங் ஆகிய மூன்று பெருங்கழகங்களின் ஆடுகளங்களும் அவ்வெளியில்தான் உள்ளன.

இவற்றுள் ஈஸ்ட் பெங்கால் பிறந்த கதையே ஒரு தீர்ப்பைப் பற்றிய தகராறுதான். 1920 ஜூலை 28 அன்று மோகன் பகானுக்கு எதிராக ஜோராபகான் அணி களமிறங்கியபோது, சைலேஷ் போஸ் என்ற ஆட்டக்காரர் சேர்க்கப்படவில்லை. அந்த அணியின் துணைத் தலைவராக இருந்த சுரேஷ் சந்திர சௌத்ரி அவரைச் சேர்க்குமாறு வற்புறுத்தியும் பயனில்லை. கோபத்தோடு வெளியேறிய அவர், நண்பர்கள் சிலருடன் சேர்ந்து சில நாட்களுக்குள் புதிய கழகத்தைத் தொடங்கிவிட்டார். ஒருவரை ஆட்டத்தில் சேர்ப்பதா, விடுவதா என்ற கேள்வியிலிருந்து ஒரு நூற்றாண்டுப் பகைமை முளைத்தது. ஈஸ்ட் பெங்கால் வென்றால் சந்தையில் இலிசா மீனுக்குக் கிராக்கி. மோகன் பகான் வென்றால் இறாலுக்குக் கிராக்கி. தோற்றவர் வீட்டில் அன்று அடுப்பெரிந்ததா என்று யாரும் கேட்பதில்லை!

1911 ஜூலை 29 அன்று மோகன் பகான் ஆங்கிலேயப் படைப்பிரிவான ஈஸ்ட் யார்க்ஷயர் அணியை 2-1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது இதே வெளியில்தான். பதினொருவரில் பத்துப் பேர் வெறுங்காலுடன் ஆடினர். களத்தை நெருங்க முடியாமல் தொலைவில் நின்ற கூட்டத்தினருக்குக் காற்றாடி பறக்கவிட்டு கோல் கணக்கை அறிவித்தார்களாம். பின்னாட்களில் சீட்டு வாங்கக் காசில்லாதவர்கள் கோட்டையின் மண்மேட்டில் ஏறி நின்றும், அட்டைக் குழாயில் கண்ணாடித் துண்டுகளைப் பொருத்திய பெரிஸ்கோப்பைத் தலைகளுக்கு மேலே நீட்டியும் ஆட்டம் பார்த்தனர். காற்றாடியைப் பார்த்தவனுக்குக் கணக்கு மட்டும் தெரிந்தது. கண்ணாடித் துண்டில் பார்த்தவனுக்குப் பந்து மட்டும் தெரிந்தது. ஆயினும் மாலையில் வீடு திரும்பி, இன்னார் நன்றாக ஆடினார், இன்னார் அணியைக் கெடுத்தார் என்று இருவரும் ஒரே உறுதியோடு பேசியிருப்பார்கள். இன்று வீட்டுக்கூடத்தில் தொலைக்காட்சிப் பெட்டிமுன் அமர்ந்திருக்கும் நமக்கும் படக்கருவி காட்டும் இடம்தான் தெரிகிறது; பந்து இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது என்பது தெரிவதில்லை.

நான் சென்ற பிற்பகலில் தூறல் விழுந்துகொண்டிருந்தது. முகம்மதன் ஸ்போர்ட்டிங்கின் களத்தில் என் அருகில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், நான் பந்தையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்துவிட்டு, "பாய் சாஹிப், ஒரு பத்து நிமிடம் பந்தை மறந்துவிட்டு ஒரே ஆளைப் பாருங்கள்" என்று உருதுவில் சொன்னார். அவர் காட்டிய ஆள் நடுக்களத்தில் ஆடிய ஒல்லியான இளைஞர். அந்தப் பத்து நிமிடத்தில் பந்து அவர் காலுக்கு மூன்று முறைதான் வந்தது. ஆனால் எதிரணியினர் பந்தை அனுப்ப நினைத்த இடத்திலெல்லாம் அவர் முன்கூட்டியே சென்று நின்றார். அதனால் அவர்கள் பந்தைப் பின்னுக்கே தள்ளிக்கொண்டிருந்தனர். கூட்டத்தில் யாரும் அவர் பெயரைக் கூவவில்லை. ஆட்டக்காரரை எடைபோட இதைவிடச் சிறந்த வழியை நான் அறியேன். உங்கள் பிள்ளைகள் காயல்பட்டினத்திலோ அதிராம்பட்டினத்திலோ கோடைகாலப் போட்டிகளைக் காணச் செல்லும்போது இதைச் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்படிப் பார்த்தால்தான் மர்ஹூம் முஹம்மது ஹபீபின் பெருமை விளங்கும். ஹைதராபாத்திலிருந்து வந்து, மூன்று பெருங்கழகங்களுக்கும் ஆடி, 'படே மியான்' என்று அழைக்கப்பட்ட அவர் உயரத்தாலோ உடற்கட்டாலோ அச்சுறுத்தக் கூடியவரல்லர். இழந்த பந்தை மீட்க ஓடும் ஓட்டமே அவருடைய ஆட்டம். 1977 செப்டம்பரில் பெலே இடம்பெற்ற நியூயார்க் காஸ்மாஸ் அணி ஈடன் தோட்டத்துக்கு வந்து மோகன் பகானுடன் ஆடி, 2-2 என்ற சமநிலையில் முடிந்தபோது, பகானின் இரண்டு கோல்களில் ஒன்று அவருடையது. 2023 ஆகஸ்டு 15 அன்று அவர் மறைந்தபோது மூன்று கழகத்தாரும் அவரைத் தம்மவர் என்று உரிமை கொண்டாடினர்.

தமிழ்ப் பெயர் தாங்கிய பீட்டர் தங்கராஜும் அவ்வாறே மூன்று கழகங்களுக்கும் கோல் காத்தவர். ஹைதராபாத்தில் பிறந்த அவர் தொடக்கத்தில் கோல் அடிக்கும் முன்னணி ஆட்டக்காரராக இருந்து, மதராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்த பிறகே கோல் காப்பாளராக மாறினார் என்றால் வியப்பாயிருக்கும். முதலில் நின்ற இடத்தை வைத்தே அவரை முடிவு கட்டியிருந்தால், ஆசியாவின் தலைசிறந்த கோல் காப்பாளர்களுள் ஒருவரை நாம் இழந்திருப்போம்.

இனி அணியைப் பற்றி. 1891இல் நிறுவப்பட்ட முகம்மதன் ஸ்போர்ட்டிங் நெடுங்காலம் பெயரளவில் இருந்த கழகம். 1934இல் கல்கத்தா லீக்கின் முதல் பிரிவுக்கு ஏறிய அந்த ஆண்டே அது வாகை சூடியது. இந்தியக் கழகம் ஒன்று அந்த லீக்கை வென்றது அதுவே முதல் தடவை. அதோடு நில்லாமல் 1938 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வென்றது. 1940இல் டில்லியில் ராயல் வார்விக்ஷயர் படைப்பிரிவை 2-1 என்று தோற்கடித்து, டூரண்ட் கோப்பையை வென்ற முதல் இந்தியக் கழகமாயிற்று. அந்நாட்களில் நம் சமுதாயத்தார் அடைந்த களிப்பு சொல்லி முடியாதது. அதே வேளையில், வெளியூரிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து வென்றார்கள் என்று குறை சொன்னவர்களும் உண்டு.

களிப்பையும் குறையையும் ஒதுக்கிவிட்டு அந்த அணி செய்தது என்ன என்று பாருங்கள். வங்காளத்து மழையில் மைதானம் சேறாகும். வெறுங்காலுடன் ஆடும் நம்மவர் வழுக்கி விழுவார்கள். பூட்ஸ் அணிந்த வெள்ளையர் நிலைத்து நிற்பார்கள். லீக்கில் பாதி ஆட்டங்கள் மழையில்தான் நடக்கும். முகம்மதன் கழகத்தார் தங்கள் ஆட்டக்காரர்களை ஈரநாட்களில் பூட்ஸ் அணிந்து ஆடப் பழக்கினர். பெங்களூர் முதலிய தொலைதூர ஊர்களிலும் திறமையைத் தேடிச் சென்றனர். வானத்தையும் மண்ணையும் கணக்கில் எடுத்துக்கொண்ட அணி அது. நமது பெயரைத் தாங்கியது என்பதற்காக அதைப் புகழ்வதைவிட இதற்காகப் புகழ்வதே அதற்குச் செய்யும் மரியாதை என்பது என் கருத்து. வெளியூர் ஆட்களைப் பற்றிய முணுமுணுப்பும் அதிக நாள் நீடிக்கவில்லை. 1949 முதல் 1953 வரை ஈஸ்ட் பெங்காலை உச்சியில் ஏற்றி வைத்த வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அஹமது கான், சாலே ஆகிய ஐவருமே தென்னாட்டினர்!

ஆட்டக்காரரையும் அணியையும்விடக் கடினமானது பயிற்சியாளரை மதிப்பிடுவது. அவர் பந்தைத் தொடுவதே இல்லை அல்லவா? கொல்கத்தா கேலரிகளில் இந்தப் பேச்சு எழும்போதெல்லாம், அந்நகரத்தவர் அல்லாத ஒருவரின் பெயர் கட்டாயம் வரும். ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராயிருந்து, 1950 முதல் இந்திய அணியைப் பயிற்றுவித்த மர்ஹூம் சையது அப்துல் ரஹீம் சாஹிப் அவர்களே அவர். 1951இல் டில்லியில் நடந்த ஆசிய விளையாட்டில் அவரது அணி தங்கம் வென்றது. மறு ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றது. பத்து கோல்! இன்றைய வழக்கப்படி, அவர் விமானத்திலிருந்து இறங்குவதற்குள் பதவி நீக்கக் கடிதம் காத்திருக்கும். குளிர் நாட்டில், பலர் வெறுங்காலுடன், ஐரோப்பாவின் மிக வலிய அணிகளுள் ஒன்றை எதிர்த்து ஆடினார்கள் என்பதைக் கணக்குப் பலகை சொல்லாது. அந்தத் தோல்விக்குப் பின்புதான் இந்திய அணியில் பூட்ஸ் கட்டாயமாயிற்று. மழைக்காக முகம்மதன் கழகத்தார் இருபது ஆண்டுகளுக்கு முன்னரே கற்றுக்கொண்ட பாடத்தை நாடு கற்றுக்கொள்ளப் பத்து கோல் வேண்டியிருந்தது.

ரஹீம் சாஹிப் நீக்கப்படவில்லை. 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் அவருடைய அணி ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று அரையிறுதியில் நுழைந்தது. அதுவரை எந்த ஆசிய நாடும் எட்டாத இடம் அது. அரையிறுதியில் எதிரே நின்றது அதே யூகோஸ்லாவியா. முதல் கோலை அடித்தவர் இந்தியாவின் நெவில் டிசூசா. முடிவில் 4-1 என்று தோல்வி. தோல்வி என்ற கட்டத்தில் இரண்டு ஆட்டங்களும் ஒன்றுபோலத்தான் எழுதப்பட்டுள்ளன. நான்கு ஆண்டுகளில் ஓர் ஆசிரியர் தம் மாணவர்களை எத்தனை தூரம் நடத்திச் சென்றார் என்பதை அவ்விரண்டு ஆட்டங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பவரே அறிவர்.

1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்தியா முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 2-0 என்று தோற்றது. பின்னர் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்த தற்காப்பு ஆட்டக்காரர் ஜர்னைல் சிங்கை உட்கார வைக்காமல், முன்னணியில் நிறுத்தினார் ரஹீம் சாஹிப். தற்காப்புக்காரர் அரையிறுதியிலும் கோல் அடித்தார்; இறுதியாட்டத்திலும் கோல் அடித்தார். இறுதியாட்டத்துக்கு, முந்தைய ஆட்டங்களில் நின்ற பிரத்யுத் பர்மனுக்குப் பதிலாக நம் தங்கராஜைக் கோல் காக்க வைத்தார். இந்திய விளையாட்டு அதிகாரி ஒருவர் இந்தோனேசிய அரசின் முடிவைக் கண்டித்துப் பேசியதால் ஊரே இந்தியர் மீது சினங்கொண்டிருந்தது. ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் நிறைந்த அரங்கில் நம் அணிக்குக் கூச்சல்தான் வரவேற்பு. அக்கூட்டத்தில் அமர்ந்து இந்தியாவை ஊக்குவித்தவர்கள் பாகிஸ்தானின் ஹாக்கி அணியினர் என்று ஆட்டக்காரர்கள் பின்னாளில் நன்றியோடு நினைவுகூர்ந்துள்ளனர். 2-1 என்று தங்கம் கிடைத்தது. அப்போதே நோயால் நலிந்திருந்த ரஹீம் சாஹிப் 1963 ஜூன் 11 அன்று காலமானார். அதன் பிறகு ஆசிய விளையாட்டில் இந்தியக் கால்பந்துக்குத் தங்கம் கிட்டவேயில்லை.

பெரிய ஆட்டங்கள் இப்போது மைதானத்தில் நடப்பதில்லை. நகரின் கிழக்கே, 1984இல் திறக்கப்பட்ட சால்ட் லேக் அரங்குக்கு அவை சென்றுவிட்டன. அங்கே 1997 ஜூலை 13 அன்று நடந்த ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியைப் பற்றிக் கேலரியில் இன்றும் வாதம் ஓயவில்லை. மோகன் பகானின் பயிற்சியாளர் அமல் தத்தா, சொந்தச் செலவில் இங்கிலாந்து சென்று பயிற்சிக்கலை படித்து வந்தவர். 'டைமண்ட்' என்று பெயர் சூட்டப்பட்ட தாக்குதல் முறையை அவர் கொண்டுவந்து, காலிறுதியில் சர்ச்சில் பிரதர்ஸ் அணியை 6-0 என்று சிதறடித்திருந்தார். ஊரெல்லாம் அவர் பேச்சு. அரையிறுதிக்கு முன் ஈஸ்ட் பெங்கால் ஆட்டக்காரர்களின் பெயர்களை அவர் கேலியாகத் திரித்துச் சொன்னார். பைச்சுங் பூட்டியாவின் பெயரும் அதில் தப்பவில்லை. ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் பார்த்திருக்க, பி.கே. பானர்ஜி பயிற்றுவித்த ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று வென்றது. பூட்டியா அடித்தது மூன்று கோல்.

மறுநாளே டைமண்ட் முறை குப்பை என்றாகிவிட்டது. பிறரைக் கேலி செய்த நாவுக்குக் கிடைத்த அடி நியாயமானதுதான். அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் அந்த நாவை வைத்து அவருடைய ஆட்ட அறிவையும் சேர்த்துப் புதைத்தது சரியன்று. தற்காத்துக்கொண்டு சமநிலை தேடுவதே பாதுகாப்பு என்று பழகிப்போயிருந்த களத்தில், தாக்கி ஆடத் துணிந்தவர் அவர். ஒரு பயிற்சியாளரின் பண்பும் அவருடைய திட்டமும் இரண்டு தனி வழக்குகள். அவற்றை ஒரே நாளில், ஒரே கணக்கை வைத்து விசாரிக்கக் கூடாது.

இதையெல்லாம் விளையாட்டுப் பேச்சு என்று தள்ளிவிடவும் முடியாது. 1980 ஆகஸ்டு 16 அன்று ஈடன் தோட்டத்தில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் ஆடியபோது, களத்தில் எழுந்த மோதல் கேலரிக்குப் பரவி, நெரிசலில் 16 ரசிகர்கள் உயிரிழந்தனர். ஆட்டம் பார்க்கச் சென்ற பிள்ளை திரும்பி வராத 16 வீடுகள். அந்நாள் அங்கே கால்பந்து ரசிகர் தினமாக ஆண்டுதோறும் நினைக்கப்படுகிறது. பெற்றோர் தம் மக்களோடு இவ்விளையாட்டைப் பற்றிப் பேசும்போது 1911ஐயும் 1934ஐயும் சொல்வதோடு இந்த ஆண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

முகம்மதன் ஸ்போர்ட்டிங்கின் அண்மைக்கால வரலாறும் தீர்ப்பளிப்போருக்கு ஒரு சோதனையே. நாற்பது ஆண்டு இடைவெளிக்குப் பின் 2021இல் கொல்கத்தா லீக்கை வென்ற அவர்கள், 2022, 2023இலும் அதைத் தக்கவைத்தனர். 2023-24இல் ரஷ்யரான ஆந்திரே செர்னிஷோவின் பயிற்சியில் ஐ-லீக்கையும் வென்று, நாட்டின் முதல் நிலைப் போட்டியான ஐ.எஸ்.எல்.லுக்கு உயர்ந்தனர். வீதியெங்கும் கருப்பு வெள்ளைக் கொடிகள், பயிற்சியாளருக்கு மாலைகள். அடுத்த பருவத்தில் அவர்களின் முதல் ஐ.எஸ்.எல். வெற்றி நம் சென்னையில்தான் கிட்டியது. 2024 செப்டம்பரில் சென்னையின் எஃப்.சி.யை 1-0 என்று வென்றனர். ஆனால் அந்தப் பருவம் முழுவதிலும் கிடைத்தவை இரண்டே வெற்றிகள். பதின்மூன்று அணிகளில் பதின்மூன்றாம் இடம். ஊதியம் நிலுவையில் இருப்பதாகப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. 2025 ஜனவரியில் செர்னிஷோவ் விலகிச் சென்றார்.

அவர் ஓராண்டுக்குள் தம் தொழிலை மறந்துவிட்டாரா? அந்த இளைஞர்கள் ஓடத் தெரியாதவர்கள் ஆகிவிட்டனரா? என் பக்கத்திலிருந்த பெரியவரிடம் இதைத்தான் கேட்டேன். அவர் விரலைக் களத்தின் பக்கம் நீட்டவில்லை. பின்னால் இருந்த கழக அலுவலகத்தின் பக்கம் நீட்டினார். மாதச் சம்பளத்துக்கு வீட்டில் தாய் காத்திருக்கும் ஒருவன் தொண்ணூறு நிமிடமும் மனம் குவித்து ஆடுவது எங்ஙனம் என்று கேட்டார். சிறிது நேரம் கழித்து, பந்தைக் கோட்டைவிட்ட வலது ஓரத்து ஆட்டக்காரரை எழுந்து நின்று திட்டவும் செய்தார். ரசிகர் என்றால் அதுவும் இருக்கத்தான் செய்யும்.

போக விரும்புவோர்க்குச் சில செய்திகள். சென்னையிலிருந்து ஹௌரா மெயிலில் சென்று இறங்கினால், 2024 மார்ச்சில் திறக்கப்பட்ட மெட்ரோ வண்டி ஹூக்ளி ஆற்றுக்கு அடியிலேயே ஓடி உங்களை எஸ்பிளனேடில் சேர்க்கும். திப்பு சுல்தான் பள்ளிவாசலும் மைதானமும் அங்கிருந்து நடை தூரம். கொல்கத்தா லீக் மழைக்காலத்தில்தான் நடக்கும்; எந்தக் களத்தில் எந்த நாளில் ஆட்டம் என்பதை உள்ளூர் நாளேட்டில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். குடும்பத்தோடு செல்பவர்கள் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதும் நாளைத் தவிர்த்து, சிறு அணிகள் ஆடும் நாளைத் தேர்ந்தெடுப்பது நலம். குடை வேண்டாம், அதை விரித்த மறுகணமே பின்வரிசையிலிருந்து நான்கு கைகள் வந்து மடக்கிவிடும். தலைக்கு ஒரு துண்டு போதும்.